பாட்டும் பெட்டியும்

இசை கேட்க விழைவோன் இரு பொருள்களுக்கு விலை கொடுக்கின்றான். ஒன்று பாட்டு, மற்றையது அப்பாட்டினை ஒலிக்கச் செய்யும் பெட்டி. பாட்டை விற்பவனும் பெட்டியை விற்பவனும் ஒருவனாகவே இருந்த காலம் உண்டு. இருவரும் வேறுவேறாய் நின்று ஒருவரை ஒருவர் ஐயுற்ற காலமும் உண்டு. பாட்டின் பக்கத்தில் நின்ற வணிகன் ஒருவன் பெட்டியின் பக்கத்திற்கு வர எண்ணுங்கால் யாது நிகழும் என்பது ஆராயத்தக்க வினாவாகும். 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மைக்ரோசொப்ட் கம்பனி செய்த துணிபும், 2017ஆம் ஆண்டில் கல்கத்தாவின் சரிகம கம்பனி செய்த துணிபும் இவ்வினாவிற்கு இருவேறு விடைகளைத் தந்தன. இலங்கையின் மலைநாட்டார் இவற்றைத் தமக்குத் தொடர்பற்ற அயல்நாட்டுக் கதைகளாகக் கொள்ள வேண்டியதில்லை. கையிற் கொண்டு செல்லத்தக்க இசைப்பெட்டி ஒருவனுக்கு எதன்பொருட்டு வேண்டும் என்பதை அவர்களைப் போல் அறிந்தோர் சிலரே.

நோட்டன் பிரிட்ஜில் கெஹெல்கமு ஓயாவை மறித்து எழுப்பப்பட்ட அணையினின்று மலையைக் குடைந்து செல்லும் நீரே பழைய லக்ஷபான மின்னிலையத்தை இயக்குகின்றது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர இம்மலைநாட்டு நீரினின்று மின்வலுப் பெறலாம் என 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். அக்கருத்து நிறைவேறுதற்கு 1950ஆம் ஆண்டுவரை நாடு காத்திருந்தது. 1965இல், காசல்றீ நீர்த்தேக்கத்தின் நீரைக் கொண்டு இயங்கும் மற்றொரு மின்னிலையம், அவர் பெயரையே தாங்கி, நோட்டன் பிரிட்ஜில் தோன்றிற்று. ஆங்குப் பிறந்த மின்வலு இரும்புக் கோபுரங்களின்மீது ஏறிக் கொழும்பு நோக்கிச் சென்றது. துரை பங்களாவிலும் தேயிலைத் தொழிற்சாலையிலும் விளக்கு எரிந்தது. அக்கம்பிகளுக்குக் கீழே கிடந்த லயங்களிலோ, பின்னும் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே ஒளி தந்தது. தேயிலைக்குரிய மழையும் மின்வலுவிற்குரிய மழையும் ஒன்றே. அம்மழையில் நனைந்து கொழுந்து பறித்தவர்க்கு இரண்டாவதன் பயன் எட்டாதிருந்தது.

ஆகவே, சுவரிலிருந்து மின்வலுப் பெற்று இயங்கும் பழைய வால்வு வானொலி லயத்துக் காம்பராவிற்கு உரியதாகவில்லை. 1947இன் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த திரான்சிஸ்ரர் என்னும் நுண்கருவியே இக்குறையை நீக்கிற்று. 1954இல் அமெரிக்காவில் ரீஜன்சி என்னும் பெயருடைய சிறு வானொலியும், 1955இல் யப்பானில் சோனி கம்பனியின் முதலாவது திரான்சிஸ்ரர் வானொலியும் விற்பனைக்கு வந்தன. மேனாட்டில் இவை இளைஞர் சட்டைப்பையில் வைத்துத் திரியும் நாகரிகப் பொருள்களாயின. தோட்டப்புறத்திலோ, இரண்டு மூன்று பற்றரியில் இயங்குவது ஒன்றே அவற்றின் பெருஞ்சிறப்பு. வலுக்குறைந்த பற்றரியை வெயிலில் வைத்துச் சூடேற்றி, மீண்டும் சிறிது நேரம் பாடச் செய்யும் உபாயம் எங்கும் வழங்கியதே. நோட்டன் பிரிட்ஜ் போன்ற மழை மிகுந்த ஊரில் அவ்வெயிலும் அருமையாகவே கிடைத்தது.

பெட்டி வந்தபோது அதற்குரிய பாட்டும் ஆயத்தமாய் இருந்தது. இலங்கை வானொலி 1950இல் தன் வர்த்தக சேவையைத் தொடங்கியிருந்தது. 1952 முதல் இந்திய வானொலி திரைப்பாட்டுக்களைத் தாழ்ந்தனவெனக் கருதிப் பெரிதும் ஒதுக்கவே, அவற்றைக் கேட்க விழைந்த இந்தியர் கொழும்பை நாடினர். தமிழ் வர்த்தக ஒலிபரப்பின் முதல் அறிவிப்பாளராகிய எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ஒருங்கே ஒலித்தது. 1957இல் விவித பாரதியைத் தொடங்கி இந்திய வானொலி தன் கொள்கையைத் தளர்த்திய பின்னரும் கொழும்பின் செல்வாக்கு எளிதிற் குறையவில்லை. பாட்டினை வழங்கியவர் ஒருவர். பெட்டியைச் செய்தவர் வேறொருவர். கேட்போன் பெட்டியின் விலையையும், அஞ்சலகத்திற் செலுத்தும் உரிமப் பணத்தையும், பற்றரிச் செலவையும் தாங்கினான். பாட்டு வான்வழியே இலவசமாக வந்தது. லயத்து வாசலில் ஒருவர் வைத்த பெட்டியிலிருந்து பக்கத்துக் காம்பராக்காரரும் கேட்டனர் என்பது சிறு செய்தியன்று. பின்னர் நிகழ்ந்தவற்றை அளப்பதற்கு இதுவே தக்க கோலாகும்.

இனி, பாட்டும் பெட்டியும் ஒருவர் கையிலேயே இருந்த காலத்தைச் சிறிது நோக்குவோம். கிராமபோன் கம்பனி 1901இல் கல்கத்தாவில் தன் கிளையை நிறுவிற்று. மறு ஆண்டில் பிரெட் கைஸ்பெர்க் என்னும் ஒலிப்பதிவாளர் அந்நகருக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோர் பாடல்களைப் பதிவுசெய்தார். குழலின் முன் அமர்ந்து செவிசாய்க்கும் நாயின் சின்னம் இசைத்தட்டிலும் இருந்தது; சாவி கொடுத்து இயக்கும் பெட்டியிலும் இருந்தது. தட்டு இன்றேல் பெட்டியை வாங்குவாரில்லை; பெட்டி இன்றேல் தட்டு வெறும் அரக்கு. 1928இல் டம்டம்மில் எழுந்த தொழிற்சாலை தென்னாசியாவின் பாட்டுக்களஞ்சியமாயிற்று.

அந்நிலை நீடிக்கவில்லை. 1963இல் பிலிப்ஸ் கம்பனி வெளியிட்ட ஒலிநாடாப் பேழை, பதிவுசெய்யும் ஆற்றலைக் கேட்போன் கைக்கே தந்துவிட்டது. 1980களில் டி-சீரிஸ் போன்ற புதிய கம்பனிகள் மலிவான நாடாக்களால் இந்தியச் சந்தையை நிரப்பிப் பழைய கம்பனியின் தனியாட்சியைச் சிதைத்தன. கிராமபோன் கம்பனியிடம் எஞ்சியது பழம்பாட்டுக்களின் உரிமை ஒன்றே. 2000ஆம் ஆண்டளவில் அது சரிகம எனப் பெயர் பூண்டது.

எதிர்த்திசையிற் சென்றவர் சோனியார். 1979இல் வோக்மன் என்னும் செவிப்பெட்டியால் உலகை வென்ற அவர்கள், 1988இல் 200 கோடி டொலர் கொடுத்து சீ.பி.எஸ். இசைத்தட்டுக் கம்பனியை வாங்கினர். பெட்டி செய்வோர் பாட்டுக்கும் உரியராயினர். இதனால் அவர்களை வெல்வார் இனி இல்லை என்றே அன்று பலரும் கருதியிருப்பர். விளைந்ததோ வேறு. பாட்டைக் காக்க விழைந்த கை, அதனை எளிதிற் பெயர்த்தெழுத உதவும் பெட்டியைச் செய்யவிடாமல் மற்றைக் கையைப் பற்றிக்கொண்டது. உலகெங்கும் எம்.பி.3 என்னும் வடிவில் பாட்டுக்கள் பரவியபோது, சோனியின் சிறுபெட்டிகள் 2004வரை அவற்றை நேரே ஏற்கவில்லை.

எம்.பி.3 பெட்டிகளை முதலிற் செய்தவர் கொரியர். 1998இல் சேஹான் கம்பனியின் எம்பிமான் வெளிவந்தது. 2000இல் சிங்கப்பூரின் கிரியேற்றிவ் கம்பனி ஆயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுக்களை அடக்கும் நோமட் பெட்டியை விற்றது. அப்பிள் கம்பனியின் ஐபொட் 2001 ஒக்ரோபர் 23இல்தான் அறிவிக்கப்பெற்றது. விலை 399 டொலர். முதல்வர் ஆகாமலே முதன்மை பெற்றவருள் அப்பிள் ஒருவர். 2003 ஏப்பிரிலில் அக்கம்பனி ஒரு பாட்டு 99 சதம் என்னும் விலைக்கு இணையக் கடையையும் திறந்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில் அக்கடையின் கதவை மைக்ரோசொப்டின் விண்டோஸ் கணனிகளுக்கும் திறந்துவிட்டது. பகைவன் தன் கடையைத் தன் முற்றத்திலேயே விரித்துவிட்டான் என்பதை மைக்ரோசொப்ட் அன்று உணர்ந்திருத்தல் வேண்டும்.

1975இல் தோன்றிய மைக்ரோசொப்டின் வாழ்வுநெறி யாது? பெட்டியைப் பிறர் செய்க, அதனுள் இயங்கும் மென்பொருளை யாம் தருவோம் என்பதே. 1981இல் ஐ.பி.எம். கணனியோடு தொடங்கிய இந்நெறி அக்கம்பனியை உலகின் பெருஞ்செல்வர் வரிசையில் ஏற்றிற்று. இசைப்பெட்டியிலும் அதுவே வெல்லும் என அவர்கள் நம்பினர். 2004இல் ‘பிளேஸ் ஃபோர் ஷுவர்’ என்றொரு முத்திரையை ஏற்படுத்தினர். உறுதியாக ஒலிக்கும் என்பது அதன் பொருள். கிரியேற்றிவ், சாம்சுங், ஐரிவர் முதலியோர் செய்த பெட்டிகளில் அம்முத்திரை இடம்பெற்றது. அம்முத்திரையுள்ள கடையில் வாங்கிய பாட்டு, அம்முத்திரையுள்ள எப்பெட்டியிலும் ஒலிக்கும் என்பது வாக்கு. பல கம்பனிகள் அதனை நம்பிப் பொருளீட்டின. பொதுமக்கள் அதனை நம்பிப் பாட்டு வாங்கினர்.

ஆயினும் ஐபொட்டின் வளர்ச்சி தடைப்படவில்லை. பாட்டுக்கடை, கணனி மென்பொருள், கைப்பெட்டி மூன்றும் ஒரே கையாற் செய்யப்பட்டமையால் அப்பிள் பெட்டி இடரின்றி இயங்கியது. மூன்றும் மூவராற் செய்யப்பட்ட மற்றையது அடிக்கடி பிணங்கிற்று. பிணங்கியபோது பழியை ஏற்பார் ஒருவரும் இலர். மைக்ரோசொப்டின் முன் இப்போது இரு வழிகள் இருந்தன. தன் தோழர்களோடு நின்று அக்குறைகளைக் களைதல் ஒன்று. தோழர்களை நீத்துத் தானே பெட்டி செய்தல் மற்றொன்று. 2001இல் எக்ஸ்பொக்ஸ் என்னும் விளையாட்டுப் பெட்டியைச் செய்து விற்ற பழக்கம் இரண்டாம் வழிக்குத் துணிவூட்டிற்று. அப்பெட்டியை உருவாக்கிய பிரிவினரிடமே புதுப்பணியும் ஒப்படைக்கப்பட்டது. 2006 யூலையில் தம் எண்ணத்தை வெளியிட்டனர்; அவ்வாண்டு நவம்பர் 14இல் சூன் என்னும் பெட்டி 249 டொலர் 99 சதத்திற்கு அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. யப்பானின் தொஷிபா கம்பனியே அதனைச் செய்து கொடுத்தது. நிறம் மூன்று: கருமை, வெண்மை, கபிலம். அக்கபில நிறத்தை நகையாடியோர் பலர். பெட்டியின் குறை நிறத்தில் இருக்கவில்லை.

முதலாவது குறை வாக்குப் பிறழ்ந்தமை. உறுதியாக ஒலிக்கும் என்ற முத்திரையின்கீழ் விற்கப்பட்ட பாட்டுக்கள் மைக்ரோசொப்டின் சொந்தப் பெட்டியாகிய சூனில் ஒலிக்கவில்லை! தன் வாக்கை நம்பி வாங்கியவர்க்குத் தன் கடையிலேயே இடமில்லை எனச் சொன்ன வணிகர் வரலாற்றில் மிகுதியாக இரார். கிரியேற்றிவ் முதலியோரோ, தமக்கு வழிகாட்டியவனே தமக்குப் போட்டியாளன் ஆயினமையைக் கண்டனர். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், 2006 ஓகஸ்ட்டில், காப்புரிமை வழக்கொன்றைத் தீர்க்க அப்பிள் கம்பனி கிரியேற்றிவுக்கு 10 கோடி டொலர் கொடுக்க இசைந்திருந்தது. பகைவனிடம் பணம் பெற்ற ஆண்டிலேயே தோழனால் கைவிடப்பட்டது அச்சிங்கப்பூர்க் கம்பனி.

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. சூன் பெட்டியில் ஒரு புதுமை இருந்தது. ஒருவன் தன் பெட்டியிலுள்ள பாட்டினை, கம்பியின்றி, அருகிலுள்ள மற்றொரு சூன் பெட்டிக்கு அனுப்பலாம். இஃது உண்மையில் நல்ல எண்ணமே, ஐபொட்டில் இல்லாதது. லயத்து வாசலில் வைத்த வானொலியை அயலாரும் கேட்ட அதே மனப்பாங்கினின்று பிறந்தது. ஆனால் இசைக்கம்பனிகளின் அச்சம் இடையே புகுந்தது. அனுப்பப்பட்ட பாட்டை மும்முறை கேட்கலாம். அல்லது மூன்று நாள் வைத்திருக்கலாம். எது முந்துகின்றதோ அத்துடன் பாட்டு அடங்கிவிடும். சொந்தமாகப் பாடிப் பதிவுசெய்த தாலாட்டாயினும் இதுவே விதி. அயலானுக்குப் பாட்டீந்து, மூன்றாம் நாள் அவன் வாசலிற் போய் நின்று திரும்பக் கேட்கும் கொடைக்குக் கொடையென்று பெயரில்லை. மேலும், அருகில் மற்றொரு சூன் இருந்தாலன்றோ பகிர்தல் கூடும்? ஐபொட்டுக்கள் நிறைந்த தெருவில் சூன்காரன் தனியனாகவே நடந்தான். 2007 ஏப்பிரிலில் ஐபொட் விற்பனை 10 கோடியை எட்டியது. 2008 மே மாதத்தில் சூன் விற்பனை 20 இலட்சத்தைக் கடந்தது என மைக்ரோசொப்ட் கூறிற்று. அந்த எண்களுக்கு உரை வேண்டுவதில்லை.

யூனிவேர்சல் இசைக் கம்பனி, விற்கப்படும் ஒவ்வொரு சூன் பெட்டிக்கும் ஒரு டொலருக்கு மேற்பட்ட தொகையைத் தனக்குத் தரவேண்டும் எனக் கேட்டுப் பெற்றது. பெட்டி வாங்குவோன் பாட்டைத் திருடுவான் என முன்கூட்டியே முடிவுசெய்து விதித்த தண்டம் அது எனல் பொருந்தும். வலியவனாகிய மைக்ரோசொப்ட், சந்தைக்குப் புதியவனாக நின்றமையால் இதற்கும் இசைந்தது.

பின்னர் நிகழ்ந்தவற்றை விரிக்க வேண்டியதில்லை. 2007இல் அப்பிள் ஐபோனை விற்கத் தொடங்கியவுடன், இசைப்பெட்டி தொலைபேசிக்குள் அடங்கும் காலம் பிறந்தது. மைக்ரோசொப்ட் வென்று பிடிக்க எண்ணிய கோட்டையை அதன் உடையவனே கைவிட ஆயத்தமாகிவிட்டான். 2008 டிசெம்பர் 31இல், நெட்டாண்டின் 366ஆம் நாளைக் கணக்கிடத் தெரியாமல், முதல் வகைச் சூன் பெட்டிகள் உலகெங்கும் ஒருங்கே உறைந்து நின்றன. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் அப்பால் அப்பெட்டி முறையாக விற்கப்படவேயில்லை. ஆதலால் அட்டன் கடைவீதியில் அதன் பெயரறிந்தார் அரியர். 2011 ஒக்ரோபரில் பெட்டி செய்வதும், 2015 நவம்பர் 15இல் அதற்குரிய சேவையும் நிறுத்தப்பட்டன.

எனினும் ஒரு செய்தியை விரித்தல் தகும். மைக்ரோசொப்ட் 2004இல் எம்.எஸ்.என். மியூசிக் என்னும் பாட்டுக்கடையை நடத்திப் பின் 2006இல் மூடிற்று. அங்கு வாங்கிய பாட்டுக்கள் பூட்டிடப்பட்டவை. வாங்கியவன் புதிய கணனிக்கு மாறினால் கம்பனியின் சேவையகத்தினின்று புதிய திறவுகோல் பெறுதல் வேண்டும். 2008 ஓகஸ்ட் 31க்குப் பின் திறவுகோல் வழங்கப்படமாட்டாது என அக்கம்பனி அறிவித்தது. எதிர்ப்பு எழுந்தபின் 2011இன் இறுதிவரை தவணை கொடுத்தது. காசு கொடுத்து வாங்கிய பாட்டு தனதன்று என்பதை வாங்கியவர் அன்றே அறிந்தனர். சாவி கொடுக்கும் பழைய கிராமபோனில், வாங்கிய கம்பனி அழிந்தாலும் தட்டு பாடும்.

இந்நிலையில் 2017இல் சரிகம கம்பனி செய்ததைக் காண்போம். அதுவும் பாட்டின் பக்கத்தில் நின்ற கம்பனியே; அதுவும் பிறர் நீங்கிச் சென்ற சந்தையினுட் புகுந்தது. தொலைபேசியிலேயே எப்பாட்டும் கிடைக்கும் காலத்தில் தனியே ஓர் இசைப்பெட்டி விற்பது மதியீனம் போலத் தோன்றும். ஆனால் கேட்போர் யார் என்பதை அவர்கள் முதலில் ஆராய்ந்தனர். நடுவயதைக் கடந்தோர் பழம்பாட்டை விழைகின்றனர்; அதனை எழுத்தெழுத்தாகத் தேடி எடுக்கும் உழைப்பை விழைவதில்லை; குமிழைத் திருகினால் பாடவேண்டும் என்பதே அவர் விருப்பம் எனக் கண்டனர். அதன்படி, பழைய திரான்சிஸ்ரர் வானொலியின் தோற்றத்திலேயே கரவான் என்னும் பெட்டியைச் செய்தனர். விலை 5,990 இந்திய ரூபா. அதனுள் 5,000 பாட்டுக்கள் முன்னரே நிரப்பப்பட்டிருந்தன. இணையம் வேண்டுவதில்லை, சந்தா இல்லை, திறவுகோல் கேட்டு எவர் வாயிலிலும் நிற்க வேண்டியதில்லை. தமிழ் முதலிய மொழிகளிலும் தனித்தனிப் பெட்டிகள் பின்னர் வந்தன. ஒரு சில ஆண்டுகளில் அவை இலட்சக்கணக்கில் விற்றன.

இந்திப் பெட்டியில் அமீன் சயானியின் கீத்மாலா தொகுப்பும் அடங்கியிருந்தது. அந்நிகழ்ச்சி 1952 டிசெம்பரில் முதன்முதல் ஒலித்தது இலங்கை வானொலியில். இந்திய வானொலி ஒதுக்கிய பாட்டுக்களைக் கொழும்பு ஏற்று ஒலிபரப்பிய அக்காலத்தின் நினைவையே, 65 ஆண்டுகள் கழிந்தபின், பாட்டுக்குரிய கம்பனி பெட்டியில் அடைத்து விற்றது என்க.

கரவானைக் குறையற்றதெனக் கொள்ளலாகாது. அதனுள் நிரப்பப்பட்டவை அக்கம்பனி உரிமை பெற்ற பாட்டுக்களே. பிற கம்பனிகளுக்குரிய நல்ல தமிழ்ப்பாட்டுக்கள் பல அதில் இல்லை. கேட்போன் தன் பாட்டுக்களைச் செருகிக் கேட்பதற்கு ஒரு துளையை அமைத்தமை இக்குறையை ஓரளவு ஈடுசெய்தது. சூனில் இல்லாத பெருந்தன்மை இச்சிறு துளையில் இருந்தது எனல் மிகையன்று. 2020இல் கொவிட் நோய் பரவியபின் அதன் விற்பனை தளர, கம்பனியின் கருத்து மீண்டும் பாட்டுரிமையின் பக்கமே திரும்பிற்று. வாங்கிய பெட்டிகள் மட்டும் இன்றும் பாடுகின்றன.

அப்பிள் கம்பனியும் 2022 மே மாதத்தில் ஐபொட் உற்பத்தியை முடித்துக்கொண்டது. லயங்களுக்கு இன்று பெரும்பாலும் மின்வலு வந்துவிட்டது. தொலைபேசியே வானொலியும் இசைப்பெட்டியுமாயிற்று. விரல் நகத்தளவான நினைவகத் தகட்டில் நூற்றுக்கணக்கான பாட்டுக்களை ஏற்றிக்கொடுக்கும் கடைகள் இலங்கையின் நகர்தோறும் நெடுங்காலம் நடைபெற்றன. அப்பாட்டுக்களுக்குப் பூட்டில்லை, பெரும்பாலானவற்றுக்கு உரியவரின் இசைவும் இல்லை. பெருங்கம்பனிகள் இருபது ஆண்டுகள் வழக்காடிய பொருளை, கடைக்காரர் சில நிமிடங்களில், சில ரூபாய்க்கு முடித்துக்கொடுத்தார்.